கரடிக்கென்று பழகிய துவக்கு

இப்போதெல்லாம் சனத்துக்கு ஒன்றையும் சும்மா செய்யத் தெரியாது. சோற்றைப் போட்டால் ஃபோன்தான் முதலில் சாப்பிடுகிறது. செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். அழ வந்தவள் எடுத்து முடியுமட்டும் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். கோயிலில் ஐயர் தீபம் காட்டும்போது எல்லாருடைய கையும் மேலேதான் இருக்கிறது, ஆனால் கும்பிடுகிற கை ஒன்றுகூட இல்லை. பிறகு அதை உலகமெல்லாம் அனுப்பிவிட்டு, யார் பார்த்தது, யார் பார்த்தும் பாராத மாதிரி இருந்தது என்று கோபித்துக்கொள்வது. எனக்கு இதைக் கண்டால் ஓங்காளிக்கும். சதீசன் வீட்டில் நடந்ததும் இந்தக் கூத்துத்தான். கரடி என்று தொடங்கிய கதை, கரடியே வராமல் நாறிப்போனது.

சதீசன் எனக்கு மேல்மாடியில் இருக்கிறவன். வுப்பர்டாலில் ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ஓடுகிற ரயில், வளைவில் போடுகிற கிறீச் சத்தம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் கேட்கும். அவனுக்கு றெம்ஷைட்டில் குறடு செய்கிற தொழிற்சாலையில் வேலை. என்னதான் தேய்த்தாலும் அவனுடைய நகத்துக்குள் இரும்புத்தூள் இருக்கும். மனைவி சுபானி முதியோர் இல்லத்தில் வெள்ளைக்காரக் கிழடுகளைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்துகிறவள். ஒரே பிள்ளை ஆதிரை. பான் நகரத்தில் இருந்து மீனைப் பற்றிப் படித்தாள். படித்து முடித்தும் விடவில்லை, இப்போது ஆராய்ச்சியாம். நான் இரும்பு துருப்பிடிக்காமல் நாகம் பூசுகிற பட்டறையில் நின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு ஓய்வுக்கு வந்தவன். என்னிடம் ஒரு பழைய ஓப்பல் இருக்கிறது. சதீசன் கார் ஓட்டிக்கொண்டே ஃபோன் பார்த்துப் பிடிபட்டு லைசென்ஸைப் பறிகொடுத்திருந்தான். அதனால்தான் நான் இந்தக் கதைக்குள் போய் விழுந்தேன்.

புரட்டாதி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வெளியே நல்ல மழை. ஆதிரை பானில் இருந்து வந்திருக்கிறாள், சாப்பிட வாருங்கள் என்று சுபானி கூப்பிட்டாள். புட்டும் மீன்குழம்பும். உறைந்த மீனில் வைத்த குழம்பென்றாலும் சுபானி வைத்தால் வாசம் கீழ்மாடிக்கு வந்து கூப்பிடும். நான் கோப்பையைக் கையில் எடுக்கவும் பிள்ளை கதையைத் தொடங்கினாள். அலாஸ்காவில் ஒரு ஆறு. வருகிற கோடை முழுவதும் அந்த ஆற்றுக்குள் நின்று, கடலில் இருந்து ஏறி வருகிற மீனை எண்ண வேண்டும். அந்த வேலைக்கு இவளைத் தெரிவுசெய்திருக்கிறார்கள். பலமுறை அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டுக் கிடைத்ததாம். அதுவரைக்கும் எல்லாருக்கும் சந்தோசம். பிறகுதான் சொன்னாள், போகமுதல் கைத்துவக்குச் சுடப் பழக வேண்டுமென்று.

சுபானி புட்டுக்குழலைக் கீழே வைத்தாள்.

"மீன் எண்ணுறதுக்கு ஏன் பிள்ளை துவக்கு?"

"மீனுக்கில்லை அம்மா. கரடிக்கு."

"கரடி அங்க என்ன செய்யுது?"

"அதுவும் மீனுக்குத்தான் வாறது."

"அப்ப அதுவே எண்ணட்டும்."

சதீசனுக்குப் புரைக்கேறிவிட்டது. ஆதிரையும் சிரித்தாள். சுபானி சிரிக்கவில்லை.

பிள்ளை ஆறுதலாக விளக்கினாள். கரடியைக் கண்டால் முதலில் சத்தம் போட வேண்டும். கிட்ட வந்தால் மிளகாய் மருந்து அடிக்கிற டப்பா. அதற்கும் நிற்காமல் வந்தால்தான் துவக்கு. பெரிய துவக்குகள் கரையில் இருக்கும், ஆனால் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நிற்கிறவளுக்கு அது கைக்கு எட்டாது. அதனால் நெஞ்சோடு கட்டிக்கொள்கிற கைத்துவக்கு. அதை அங்கே அவர்களே தருவார்கள். வருகிறவர் தன் கைக்கு எது தோதென்று தெரிந்துகொண்டு, சத்தத்துக்கும் உதைப்புக்கும் பழகிக்கொண்டு வரவேண்டும்.

"உந்தக் கைத்துவக்கால கரடி சாகுமோ?" என்று நான் கேட்டேன்.

"சாகலாம் பெரியப்பா. ஆனா சுடாமல் திரும்பி வாறதுதான் கெட்டித்தனம் எண்டு சொல்லுகினம்."

"அப்ப ஏன் பழகுறாய்?"

"சுடத் தெரியாட்டி ஆத்துக்குள்ள இறங்க விடமாட்டினம்."

சுடாமல் இருப்பதற்குச் சுடப் பழக வேண்டுமாம். உலகத்தில் இப்படியும் ஒரு உத்தியோகம்.

"என்ர வீட்டுக்குள்ள துவக்கு எண்ட சொல்லே வரப்படாது," என்றாள் சுபானி. அவளுடைய தங்கச்சி வதனி பள்ளிக்கூடத்துக்கென்று போன பிள்ளை, இயக்கத்துக்குப் போய்விட்டாள். பிறகு வீட்டுக்கு வந்தது அவளுடைய படம் மட்டும்தான். அந்தப் படத்தைச் சுபானி சுவரில் மாட்டியதில்லை, அலமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்திருக்கிறாள். இதெல்லாம் ஆதிரைக்கும் தெரியும். அவள் தாயின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அம்மா, நான் ஆக்களைச் சுடப் போகேல்லை. கை நடுங்காமல் நிண்டாத்தான் நான் திரும்பி வருவன். பழகாமல் போகட்டோ?"

சுபானி கீழே வைத்த புட்டுக்குழலைத் திரும்ப எடுத்தாள். பிறகு சதீசனைப் பார்த்துச் சொன்னாள்: "ஒருத்தருக்கும் சொல்லப்படாது. படம் கிடம் ஒண்டும் எடுக்கப்படாது. சொல்லிப்போட்டன்."

"ஓமோம்," என்றான் சதீசன். ஃபோனைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

அடுத்த சனிக்கிழமையில் இருந்து நான் தகப்பனையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கார் ஓட்டினேன். றெம்ஷைட்டுக்கு மேலே, வண்டு தின்று செத்த மரங்களை வெட்டி மொட்டையாக விட்ட ஒரு சரிவு. அதில் சுடுகிறவர்களின் ஃபெறைன். ஃபெறைன் என்றால் சங்கம். இந்த நாட்டில் முயல் வளர்ப்பதற்கும் சங்கம் உண்டு. தாழ்ந்த சீமெந்துக் கட்டடம். முன்னுக்கு பியர் குடிக்கிற அறை, சுவர் முழுக்கப் பதக்கமும் சங்கிலியும். பின்னுக்குச் சுடுகிற இடம். கதவைத் திறந்தால் எரிந்த வெடிமருந்து மணம் மூக்கில் ஏறும். அந்த மணத்துக்குப் பயந்து கடல் கடந்து ஓடி வந்த எங்களைப் போன்றவர்கள், இங்கே வந்து கேக்கும் கோப்பியும் வைத்துக்கொண்டு அதே மணத்துக்குள் இருக்க வேண்டியிருக்கிறது. பொழுது போகாமல் துவக்குப் பிடிக்கிற சனத்தை நான் அங்கேதான் முதலில் கண்டேன். வயிறு மேசையில் முட்ட நின்று கடதாசியைச் சுட்டுவிட்டு, ஓட்டையைக் கண்ணாடி போட்டுப் பார்த்துப் பெருமைப்படுகிறார்கள்.

பழக்கியவர் டோர்னர் என்ற கிழவர். கூரை ஓடு போடுகிற வேலை பார்த்தவர், காது அரைவாசிதான் கேட்கும். விருந்தாளியாக வருகிறவர் அவர் பக்கத்தில் நிற்கும்போது சுடலாம், அதற்கு அனுமதி உண்டாம். அவர் மேசையில் மூன்றை வைத்தார். ஒன்று, ஆட்டுக்கால் பருமனில் ஒரு வெள்ளி றிவோல்வர். ஒன்று, அதன் தம்பி மாதிரிச் சின்ன றிவோல்வர். மற்றது கறுப்புப் பிஸ்டல்.

"கரடியெண்டால் பெரிசுதான் அண்ணை," என்று சதீசன் என்னிடம் சொன்னான், ஏதோ கரடிக் கடை வைத்திருக்கிறவன் மாதிரி.

ஆதிரை பெரியதைத்தான் முதலில் பிடித்தாள். வெடித்ததும் இரண்டு கையும் தலைக்கு மேலே போயிற்று. கட்டடமே இடிந்ததென்று நினைத்தேன். இரண்டாவதில் கடதாசியிலேயே படவில்லை. மணிக்கட்டு சிவந்துபோயிற்று.

"முதல் வெடி கரடிக்கு, ரண்டாவது வெடி கூரைக்கு," என்றார் டோர்னர். "கூரை திருத்துறது எனக்குத் தெரியும். கரடி அதுவரைக்கும் பொறுக்காது."

சின்ன றிவோல்வரின் விசை இறுக்கமாக இருந்தது. அதை இழுக்கும்போதே இவளுடைய குறி விலகிப்போனது. கறுப்புப் பிஸ்டல் மட்டும் நேராகப் பின்னுக்கு உதைத்தது. பிடி கொஞ்சம் தடிப்பு. டோர்னர் பின்தகட்டைக் கழற்றி மெல்லியதொன்று போட்டுக் கொடுத்தார். பிறகு பார்த்தால் இரண்டாவது ஓட்டையும் மூன்றாவது ஓட்டையும் முதலாவதுக்குப் பக்கத்திலேயே விழுந்தன. ஓடி வருகிற மிருகத்துக்கு ஒரு பெரிய வெடியைவிட, தொடர்ந்து படுகிற வெடிதான் உதவும் என்றார். சன்னம் மட்டும் தலை மழுங்காத கடினமான ஈயமாக இருக்க வேண்டுமாம், எலும்பைக் கடந்து உள்ளே போவதற்கு. ஆதிரை கறுப்பைத் தெரிவுசெய்தாள்.

"பெரிசு நல்ல எடுப்பாய் இருந்தது," என்றான் சதீசன்.

"எடுப்புக்கோ பழகுறன் அப்பா?"

பிள்ளை கெட்டிக்காரிதான், அதை நான் இல்லை என்று சொல்ல ஏலாது. டோர்னர் நல்ல சன்னங்களுக்கு நடுவில் மருந்தில்லாத வெறும் சன்னம் ஒன்றைக் களவாகப் போட்டுவிடுவார். அது வரும்போது வெடிக்காது. ஆனால் பயந்த கை வெடிக்குமுன்னமே பிஸ்டலின் மூக்கைக் கீழே குத்திவிடும், பயம் பிடிபட்டுவிடும். முதல் நாள்களில் இவளுடைய கையும் குத்தியது. பிறகு நின்றுவிட்டது. சதீசன், நானும் ஒருக்கால் சுடுகிறேன் என்று வாங்கிப் பார்த்தான். அவன் பிடித்த பிஸ்டலின் மூக்கு நிலத்தையே பார்த்தது. பெற்றோல் கடையில் ஐஸ் வாங்கி வாளித் தண்ணீரில் போட்டு, கையை அதற்குள் விறைக்க வைத்துவிட்டுச் சுடுகிற யோசனை ஆதிரையுடையது. ஆற்றில் கை அப்படித்தான் இருக்குமாம். சொசேஜ் வைக்கிற கடதாசித் தட்டைக் கிட்டத்தில் குத்திவிட்டு, சிவந்த ஈரக் கையால் பிஸ்டலை மேசையில் இருந்து தூக்கித் தூக்கிச் சுடுவாள். தட்டின் நடு கிழிந்து தொங்கும்.

"இப்ப நம்புறியளோ பெரியப்பா?"

"தட்டு பாயாது பிள்ளை," என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அவளுடைய கை அடங்கி நிற்பதைப் பார்க்க ஒரு ஆறுதல் வரும், அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு சனிக்கிழமை டோர்னர் கோப்பி எடுக்க முன்னறைக்குப் போனார். போகமுதல் எல்லாத் துவக்கையும் வெறுமையாக்கித் திறந்துதான் வைத்துவிட்டுப் போனார். சதீசன் மெல்ல எழும்பினான்.

"பிள்ளை, அந்தப் பெரிசை ஒருக்காப் பிடி."

"ஏனப்பா? அது எனக்குச் சரிவராது."

"சுடுறதுக்கில்லை. ஒரு படம். எனக்கு மட்டும்."

சுவரில், ஃபோன் படத்தைச் சிவப்புக் கோட்டால் வெட்டிய தடை அடையாளம் ஒட்டியிருந்தது. நான் அதைக் காட்டினேன். "டேய், சுபானி என்ன சொன்னவள்?"

"அண்ணை, நீங்கள் சும்மா இருங்கோ. பெத்த தகப்பன் பாக்கிறதுக்கு ஒரு படம் எடுக்கக் கூடாதோ?"

ஆதிரைக்குக் களைப்பு. தகப்பனோடு இழுபட விருப்பமில்லாமல் வெறும் றிவோல்வரைத் தூக்கிப் பிடித்தாள். "சிரிக்காதை, முகத்தைக் கொஞ்சம் கடுமையாய் வை," என்றான். அவளும் வைத்தாள். மலையால் இறங்கி நெடுஞ்சாலை ஏறுமுன்னமே அவன் அதைத் தன்னுடைய ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். "என் மகள். யாருக்கும் பயமில்லை" என்று கீழே எழுத்து. கரடி என்ற ஒரு சொல் அதில் இல்லை. அவள் வேண்டாமென்று வைத்த துவக்கு, அவளுடையதல்லாத முகம். நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன், எனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது.

கார்த்திகை பிறந்தது. எங்கள் ஆட்கள் மண்டபம் எடுத்து, செத்த பிள்ளைகளுக்கு விளக்கேற்றுகிற மாதம். ஒருநாள் பாரிசில் இருக்கிற என் தமக்கையின் மகன் ஃபோனில் ஒரு படம் அனுப்பினான். "மாமா, உங்கட வுப்பர்டால் பிள்ளையாமே!" திறந்து பார்த்தால் ஆதிரை. காதில் கிடந்த மஞ்சள் மூடியை அழித்துவிட்டார்கள். மழைச்சட்டையை இயக்கத்து வரிச்சட்டை ஆக்கிவிட்டார்கள். பின்னுக்குப் பனைமரம், கீழே நெருப்பு, சுற்றிவர இயக்கக் கொடியின் சிவப்பும் மஞ்சளும். "அடிபணியாத் தலைமுறை" என்று பெரிய எழுத்து.

நான் படியேறி மேலே போனேன். சுபானி குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். ஃபோன் மேசையில் குப்புறக் கிடந்தது. கண்டுவிட்டாள். கூட வேலை செய்கிற ஒருத்தி வாழ்த்துச் சொல்லிக் காட்டினாளாம்.

"அண்ணை, வதனிக்கும் இதே நெருப்புத்தான் போட்டவங்கள்," என்றாள். கத்தி நிற்கவில்லை. "இதே எழுத்து. உயிரோட இருக்கிற பிள்ளைக்குச் செத்த படம் அடிச்சு விட்டிருக்கிறாங்கள்."

சதீசன் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்னம் சண்டை தொடங்கிவிட்டது.

"நான் எங்கட ஆக்கள் பாக்கத்தானே போட்டனான்!"

"எங்கட ஆக்கள்தானே இதைச் செய்தது! வெள்ளைக்காரனோ செய்தவன்?"

"அதுக்கு நான் என்ன செய்யிறது?"

"எடாதை எண்டனான். அதைச் செய்திருக்கலாம்."

ஆதிரை பானில் இருந்து கோல் எடுத்தாள். ஃபோனை மேசையில் வைத்து எல்லாரும் கேட்டோம். அழவில்லை, ஆனால் மூச்சு விட்டுவிட்டுக் கதைத்தாள். "அப்பா, ஆர் செய்தது எண்டு பிடிச்சு எடுக்கச் சொல்லுங்கோ. தை மாதம் எனக்கு விசா டெர்மின், கூப்பிட்டு விசாரிப்பினம். இப்ப அமெரிக்கா போறவையின்ர பேரைப் போட்டு எல்லாத்தையும் தேடிப் பாக்கினம். உந்தக் கொடிக்குரிய இயக்கம் அங்க தடை. நான் போக ஏலாமல் போயிடும்."

செய்தவர்கள் யாரென்று தேடத் தேவை இருக்கவில்லை. படத்தின் மூலையில் ராசனுடைய கடைப் பேர் இருந்தது. ராசன் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான், கூட்டங்களும் ஒழுங்குபடுத்துகிறான். அன்று பின்னேரமே நானும் சதீசனும் போனோம். கறிவேப்பிலைப் பெட்டியைத் தள்ளிவிட்டு ராசன் எழும்பி வந்தான்.

"வாங்கோ, வாங்கோ! வீரமகளைப் பெத்த தகப்பன்!" என்று சதீசனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். சதீசன் கையை இழுக்கவில்லை.

"உந்தப் படம் நீ செய்ததோ?" என்று நான் கேட்டேன்.

"நான் செய்யேல்லை அண்ணை. பெடியள் செய்தவங்கள். நான் பாத்துப்போட்டு விடச் சொன்னனான், அவ்வளவுதான்."

"அது கரடிக்குப் பழகின பிள்ளையடா."

"எதிரிக்கு ஆயிரம் பேர் அண்ணை."

"எதிரியில்லை. கரடி. நாலு கால், உடம்பெல்லாம் மயிர்."

"படத்தில கரடி இல்லையே. நாங்கள் கண்டதைத்தானே போட்டனாங்கள்."

"படத்தில நெருப்பும் இல்லை. அதை எங்கயடா கண்டனீ?"

ராசனுக்கு முகம் கொஞ்சம் இறுகியது. சதீசன் பக்கம் திரும்பினான். "பாரும் சதீசன், இவர் எப்பவும் இப்பிடித்தான். சனம் அழுதழுது பாக்குது. எங்கட பிள்ளையள் தமிழே கதைக்கினமில்லை எண்டு ஏங்கின சனம். கனடாவில மட்டும் எத்தினை பேர் பாத்திருக்கினம் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"எத்தினை பேர்?" என்றான் சதீசன்.

அந்தக் கேள்வியோடு எனக்கு அவன்மேல் கிடந்த கொஞ்ச மரியாதையும் போயிற்று. ராசன் ஃபோனை நீட்டினான். இவன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவரும் எழுதியதைப் பெருவிரலால் தள்ளித் தள்ளி வாசித்தான். மகளுடைய விசாவுக்கு வந்தவன். உதடு அசைந்தது. ஒரு இடத்தில் சிரித்தான். நான் உறைந்த மீன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் நான் போட்ட சத்தத்தில் ராசன் தன்னுடைய பக்கத்தில் இருந்து படத்தை அழித்தான். "இந்தாங்கோ, போட்டுது."

"மற்றவையிட்டக் கிடக்கிறது?"

"மற்றவை மற்றவைதானே அண்ணை. காத்தைப் பிடிச்சு அடைக்கச் சொல்லுறியளோ?"

போகும்போது ஒரு கட்டு முருங்கைக்காயைச் சதீசன் கையில் திணித்தான். இவன் வாங்கிக்கொண்டு வந்தான். சுபானி அதை அப்படியே கொண்டுபோய்க் கீழே குப்பை வாளிக்குள் போட்டாள்.

டோர்னருக்கும் யாரோ காட்டிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை கதவில் நின்று எங்களை உள்ளே விடவில்லை. தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் தன்னுடைய சுவரும் தன்னுடைய றிவோல்வரும் அவருக்குத் தெரிந்தது. "என்னுடைய கூரைக்குக் கீழே அரசியல் இல்லை. நான் கோப்பி எடுக்கப் போன நேரத்துக்குள்..." என்று சொல்லி நிறுத்தினார். ஆதிரை உள்ளதைச் சொன்னாள். நம்பினாரோ தெரியாது, ஃபெறைன் முடிவெடுத்துவிட்டதாம், அவரால் மாற்ற ஏலாதாம். மழைக்குள் நின்று அவளுக்குக் கை கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சதீசன் காருக்குள் வந்து, "கிழவன் துவேசம் பிடிச்சவன்," என்றான்.

"வாயை மூடு," என்றேன்.

அதற்குப் பிறகும் ஆதிரை விடவில்லை. வீட்டுக்கு வருகிற நாள்களில் என்னுடைய நிலவறைக்கு வருவாள். என்னிடம் பற்றரியில் ஓடுகிற துளைபோடும் மிஷின் ஒன்று இருக்கிறது. ஊசியைக் கழற்றிவிட்டுப் பிடித்தால் பிஸ்டலின் பாரம் வரும் என்று சொல்லி, அதை நெஞ்சில் இருந்து நீட்டி, சுவரில் குத்திய கடதாசித் தட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பாள். கை நோகுமட்டும் நிற்பாள். ஒருநாள் படியில் சத்தம் கேட்டுத் திரும்பினால் சுபானி. கையில் ஒரு சட்டி, அதற்குள் தண்ணீரும் ஐஸ் கட்டியும்.

"கையை இதுக்குள்ள விட்டுட்டுப் பிடி," என்றாள். "ஆத்துத் தண்ணி குளிரெண்டனீ."

துவக்கு என்ற சொல்லையே வீட்டுக்குள் விடாதவள். மகள் கையை விறைக்க வைத்துவிட்டு மிஷினைத் தூக்கும்போது, தாய் துவாயோடு பக்கத்தில் நின்றாள். நான் அதைப் பார்க்காமல் ஆணிப் பெட்டிக்குள் எதையோ தேடினேன்.

தை மாதம் பிராங்ஃபர்ட்டில் இருக்கிற அமெரிக்க விசா கந்தோருக்கு ஆதிரையை நான்தான் கொண்டுபோனேன். முதல் நாள் சதீசன் ஒரு புத்தி சொன்னான்.

"கேட்டால் கொம்பியூட்டர் செய்த படம் எண்டு சொல்லு பிள்ளை. இப்ப எல்லாம் அப்பிடித்தானே. உன்ர முகத்தை ஒட்டிப்போட்டாங்கள் எண்டு சொல்லு."

"முகம் என்ரை. கை என்ரை. பிடிச்சது நான்தான்," என்றாள் ஆதிரை. "பொய் சொல்லிப்போட்டு எந்த ஆத்துக்குள்ள போய் நிக்கிறது?"

அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னாள். மீனையும் சொன்னாள், கரடியையும் சொன்னாள், எந்தத் துவக்கைத் தெரிவுசெய்தாள், எதைத் தகப்பனுக்காகப் பிடித்தாள் என்பதையும் சொன்னாளாம். அங்கே இருந்த மனிசன் மரியாதையாகக் கேட்டானாம். கேட்டுவிட்டு, இன்னும் விசாரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, எவ்வளவு காலம் எடுக்கும் என்று சொல்ல ஏலாது என்று அனுப்பிவிட்டான். திரும்பி வரும் வழியில் வெஸ்டர்வால்டில் பனி கொட்டியது. அவள் கண்ணாடி துடைப்பானையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. மாசி போனது, பங்குனி போனது. அந்த ஆற்றில் பனிக்கட்டி உடையத் தொடங்கிவிட்டது, மீன் விசாவுக்குக் காத்திருக்காது என்று அங்கே இருந்து எழுதினார்களாம். வேறு ஒரு பிள்ளையை எடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை எண்ணி, மீனின் செதிலைக் கொஞ்சம் பெட்டியில் போட்டு பானுக்கு அனுப்பும்; இவள் அதைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து மீனின் வயது பார்க்கலாம். அடுத்த வருசம் எடுப்பார்களோ என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

செய்தி வந்த அன்று சுபானி வேலைக்குப் போகவில்லை. துவக்கே வேண்டாமென்று முதலில் சொன்னவள் அவள். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் அவளைப் போல ஒருவரும் கொதிக்கவில்லை.

"கரடியெண்டால் பசிக்குக் கடிக்கும் அண்ணை," என்றாள். "இவையள் என்னத்துக்குக் கடிச்சவை?"

நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

வைகாசியில் ஹாகனில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீடு. கார் ரயர் கடைக்குப் பின்னால் ஒரு மண்டபம். சுபானி வரவில்லை. லைசென்ஸ் திரும்பக் கிடைத்திருந்தும், சதீசன் குடிக்க வேண்டும் என்பதற்காக என்னை ஓட்டச் சொன்னான், நானும் போனேன், என் பிழை. பிள்ளையைப் பிளாஸ்டிக் தாமரைக்குள் இருத்திப் புகை அடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் இருந்த மேசைக்கு ஆள்மாறி ஆள் வந்து சதீசனுக்குக் கை கொடுத்தார்கள். "உங்கட மகள்தானே அது?" "என்ன நிமிர்வு அண்ணை அந்த முகத்தில!" அவன் ஒவ்வொரு தரமும் அரைவாசி எழும்பி எழும்பி இருந்தான். புதுச் சேட்டு.

ராசன் தட்டில் றோல்ஸோடு வந்து எங்களோடு இருந்தான். "விசாவை மறிச்சுப்போட்டாங்களாம். ஒரு பிள்ளைக்கு அமெரிக்காவே பயந்திட்டுது பாத்தியளோ?"

மேசை சிரித்தது. சதீசனும் சிரித்தான். பிறகு என் முகத்தைக் கண்டுவிட்டுக் குரலைத் தணித்தான். "அண்ணை, யோசிச்சுப் பாத்தால் எல்லாம் நன்மைக்குத்தான். அவள் அங்க போய், ஒரு கரடி வந்து, ஒண்டு கிடக்க ஒண்டு நடந்திருந்தால்? இப்ப பிள்ளை பத்திரமாய் பானில இருக்கிறாள்."

"அவள் பத்திரமாய் இருக்கத்தான் மழையிலயும் பனியிலயும் பழகினவள்," என்றேன்.

"நீங்களே நம்பேல்லையே அண்ணை! தட்டு பாயாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"நான் துவக்கைத்தான் நம்பேல்லை. பிள்ளையை நம்பாமல் விட்டது நீ."

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. சதீசனுக்கு அது பொறுக்கவில்லை. சனம் கேட்கத்தக்கதாகவே கேட்டான்: "அப்ப கரடியிட்டப் போய்ச் செத்திருந்தால்தான் உங்களுக்குச் சந்தோசமோ?"

ராசன் என் தோளில் கை வைத்தான். "இருங்கோ அண்ணை, சாப்பிட்டிட்டுப் போங்கோ. பிள்ளை உயிரோட இருக்கிறாள், அதுக்குமேல என்ன வேணும்?"

கையைத் தட்டிவிட்டு மேலங்கியை எடுத்தேன். நன்மைக்கு, நன்மைக்கு என்று மேசையில் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாருடைய நன்மை என்று ஒருவனும் சொல்லவில்லை. வெளியே ரயர் அடுக்குகளைத் தாண்டி நடந்தேன். சதீசன் வாசல்வரை வந்து, "அண்ணை, நான் எப்பிடி வீட்ட போறது?" என்று கூப்பிட்டான்.

நான் திரும்பவில்லை. ராசனிடம் பெரிய கார் இருக்கிறது.